உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு: டெர்மினல் வழியாக மாறுவது எப்படி?

உபுண்டுவை ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்ற, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) ஒரே ஒரு கட்டளை போதும். அதைத் தட்ட ஐந்து விநாடி. சிக்கல் எல்லாம் அதற்கு முன்பு செய்யாமல் விட்ட வேலைகளிலும், நடுவில் திரையில் வரும் கேள்விகளைப் படிக்காமல் எண்டர் அழுத்துவதிலும்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், கட்டளையைத் தட்டுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியும் சிறுகோடும் இங்கே இருப்பது போலவே தட்டுங்கள். 'சூடோ' என்பது எஸ்-யு-டி-ஓ, நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சொல். 'ஆப்ட்' என்பது ஏ-பி-டி, பேக்கேஜ் எனப்படும் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கட்டளை. ஆப்ட், இ-டி-சி, டிசிபி, சிஸ்டம்சிடிஎல் ஆகியவற்றில் டி என்பது டைகரின் முதல் எழுத்து; சூடோ, டு, டிஎஃப், டிபிகேஜி ஆகியவற்றிலும் தனியாக வரும் இடங்களிலும் டாக்கின் முதல் எழுத்து. குழப்பம் வரக்கூடிய மற்ற சொற்களை அந்தந்த இடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். விசைப்பலகை தமிழ்99-இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சூப்பர் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கு மாறும். சூடோ கடவுச்சொல் கேட்கும்போது தட்டுவது திரையில் புள்ளியாகக்கூடத் தெரியாது. விசைப்பலகை பழுது என்று நினைக்காமல் தட்டி முடித்து எண்டர் கொடுங்கள்.

1. இப்போதே மாற வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

22.04 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை வரும். உபுண்டு புரோ கணக்கு ஒன்று எடுத்தால், சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாகவே 2032 வரை நீட்டித்துக்கொள்ளலாம். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற அலுவலகக் கணினி என்றால் அவசரம் ஒன்றும் இல்லை.

20.04-இல் இருப்பவர்கள் நிலை வேறு. அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது. முதலில் 22.04, அதில் ரீஸ்டார்ட் செய்து எல்லாம் சரியா என்று பார்த்த பிறகு 24.04. அதாவது இந்தக் கட்டுரையின் படிகளை இரண்டு முறை செய்ய வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால்:

எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ

நடுவில் இருப்பது சிறுகோடு இல்லை, அடிக்கோடு. எல்எஸ்பி-இல் வரும் பி, பஸ் என்பதன் முதல் எழுத்து.

2. இடம், டேட்டா, நேரம்

உபுண்டுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. செலவு டேட்டாவுக்கும், பேக்கப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும்தான்.

டேட்டா: மேசைக் கணினிக்கு 3 ஜிபி ஒதுக்கிக்கொள்ளுங்கள். சர்வர் என்றால் இதைவிடக் குறைவாகவே ஆகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் கவனிக்கவும்: நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என்ற திட்டத்தில் இருந்தால் பாதிப் பதிவிறக்கத்தில் வேகம் அடியோடு விழுந்துவிடும். பதிவிறக்கம் நடக்கும்வரை கணினியில் எந்த பேக்கேஜும் மாறியிருக்காது, ஆகவே ஆபத்து இல்லை. நிறுத்திவிட்டு மறுநாள் அதே கட்டளையைத் தட்டினால் இறங்கியவை பெரும்பாலும் மறுபடி இறங்காது. முடிந்தால் பிராட்பேண்ட் இணைப்பில் செய்யுங்கள்.

நேரம்: பதிவிறக்கம் போக, எஸ்எஸ்டி உள்ள கணினியில் ஒரு மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே கேள்வி கேட்கும், பதில் கொடுக்கும்வரை அங்கேயே நிற்கும். இரவு ஓடவிட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் பார்த்தால், முதல் கேள்வியிலேயே காத்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலை நல்ல நேரம். ஏதாவது தவறினால் சரிசெய்ய ஞாயிறு இருக்கிறது.

மின்சாரம்: மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டே வைத்திருங்கள். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லையென்றால், அன்று உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடம்: இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

டிஎஃப் -ஹெச்

வருகிற பட்டியலில் இரண்டு வரிகளைப் பாருங்கள். வெறும் சாய்கோடு உள்ள வரி மூலப் பகிர்வு, அதாவது உபுண்டு இருக்கும் டிஸ்க் பகுதி. அதில் 10 ஜிபி காலியாக இருந்தால் கவலை இல்லை. அடுத்தது /பூட் என்ற வரி. டிஸ்க்கை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்து நிறுவியவர்களுக்கு இது தனிப் பகிர்வாக இருக்கும். அதில் பழைய கெர்னல்கள் (உபுண்டுவின் மைய நிரல்கள்) சேர்ந்து சேர்ந்து நிரம்பியிருக்கும். அங்கே 400 எம்பியாவது காலியாக இருக்கட்டும். இல்லையென்றால்:

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

பர்ஜ் என்பது பி-யு-ஆர்-ஜி-இ. முன்னால் இரண்டு சிறுகோடு. இது தேவைப்படாத பழைய கெர்னல்களை எடுத்துவிடும். /பூட் அடைவுக்குள் (ஃபோல்டர்) நுழைந்து கோப்புகளைக் கையால் அழிக்க வேண்டாம். பேக்கேஜ் கணக்கில் கெர்னல் இருக்கும், கோப்பு இருக்காது. அடுத்த புதுப்பிப்பு அங்கே முட்டிக்கொண்டு நிற்கும்.

3. பேக்கப்

பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக உபுண்டுவில் வழி கிடையாது. திரும்ப வேண்டுமானால் புதிதாக நிறுவி, பேக்கப்பிலிருந்து கோப்புகளைக் கொண்டுவர வேண்டியதுதான். ஆகவே இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எடுக்க வேண்டியவை:

ஹோம் அடைவு முழுவதும். புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகளும் சேர்த்து. உலாவியின் சேமித்த கடவுச்சொற்களும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையும் வழி) சாவிகளும் அங்கேதான் இருக்கின்றன.

இ-டி-சி அடைவு. அமைப்புக் கோப்புகள் எல்லாம் இதில். சில எம்பிதான் வரும்.

தரவுத்தளங்கள். போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் ஓடினால் அதன் அடைவை அப்படியே நகலெடுப்பது போதாது. முறையாக டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக எழுதிய நகல்) எடுத்து, அந்தக் கோப்பை வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

பைத்தான் திட்டங்கள் இருந்தால் ஒவ்வொரு மெய்நிகர் சூழலிலும் (திட்டத்துக்கென்று தனியாக வைத்த பைத்தான்) 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து வருகிற பட்டியலைக் கோப்பில் சேமியுங்கள். பிறகு கட்டாயம் தேவைப்படும்.

வாடகை சர்வர் என்றால் சேவை தருபவரின் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அப்போதைய நிலையின் முழு நகல்) எடுத்துவிடுங்கள். சில ரூபாய் செலவில் கிடைக்கும் நிம்மதி.

4. இருக்கிற பதிப்பை முதலில் முழுதாகப் புதுப்பியுங்கள்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்

முதல் கட்டளை பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், எதையும் நிறுவாது. இரண்டாவதுதான் வேலையைச் செய்வது. முதல் கட்டளையின் வெளியீட்டில் பிழை என்று ஏதாவது வரி வந்தால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அது வெளிக் களஞ்சியம் ஒன்றின் (உபுண்டுவைச் சேராதவர்கள் பேக்கேஜ் தரும் இடம்) காலாவதியான சாவியாக இருக்கும்.

'லாக்' கோப்பை வேறொரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தால், பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுங்கள். அந்த லாக் கோப்பை அழித்துவிடு என்று சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. செய்யாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் கணக்கில் கைவைத்தால் கணக்கே சிதைந்துவிடும்.

சில பேக்கேஜ்கள் 'நிறுத்தி வைக்கப்பட்டன' என்று வரலாம். உபுண்டு சில திருத்தங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்புகிறது. உங்கள் முறை வரவில்லை, அவ்வளவுதான். மாற்றும் கருவி (படி 7-இல் வரும் டு-ரிலீஸ்-அப்கிரேட்) இதையே காரணம் காட்டி மறுத்தால், அந்தப் பேக்கேஜின் பெயரைச் சொல்லி 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கொடுங்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். புதுக் கெர்னல் வந்திருக்கும்போது ரீஸ்டார்ட் செய்யாமல் தொடங்கினால் கருவியே மறுத்துவிடும்.

5. வழியை மறிப்பவற்றை அகற்றுங்கள்

வெளிக் களஞ்சியங்கள், அதாவது பிபிஏக்கள். 'மாற்றத்தைக் கணக்கிட முடியவில்லை' என்ற பிழைக்கு முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான். கருவி இவற்றைத் தானாகவே முடக்கும். ஆனால் அவற்றிலிருந்து ஏற்கெனவே நிறுவிய பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். உபுண்டுவிடம் இருப்பதைவிடப் புதிய எண்ணோடு ஒரு நூலகம் உட்கார்ந்திருந்தால், கருவியால் அதைச் சுற்றிப் போக முடியாது. 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவியை நிறுவி, அதற்கு பிபிஏ-வின் பெயரைக் கொடுத்தால் களஞ்சியத்தை நீக்குவதோடு பேக்கேஜ்களையும் உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கிவிடும். கிராஃபிக்ஸ் டிரைவர், மல்டிமீடியா தொடர்பான பிபிஏக்களைக் கட்டாயம் இப்படி நீக்குங்கள். குரோம், விஎஸ் கோட் போன்றவற்றின் களஞ்சியங்கள் அவ்வளவாகத் தொல்லை கொடுப்பதில்லை.

பூட்டி வைத்த பேக்கேஜ்கள்.

ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்

ஒன்றும் வராவிட்டால் நல்லது. ஏதாவது பெயர் வந்தால், 'சூடோ ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்' என்று தட்டி அந்தப் பெயரைச் சேர்த்து விடுவியுங்கள்.

பைத்தான். 22.04-இன் இயல்பான பைத்தான் 3.10. ஏதோ ஒரு நிரலுக்காக, 'பைத்தான்3' என்ற இணைப்பை 3.11-க்கோ 3.12-க்கோ திருப்பி வைத்திருந்தால், உங்கள் பைத்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிக் கருவி நின்றுவிடும். கருவி பைத்தானில் எழுதப்பட்டது, அதற்கு 3.10 வேண்டும். 'பைத்தான்3 --வெர்ஷன்' தட்டிப் பாருங்கள். வேறு எண் வந்தால் இணைப்பை 3.10-க்கே திருப்பிவிடுங்கள். கணினியின் பைத்தானில் கைவைப்பதற்கான தண்டனை இது. தனிப் பதிப்பு வேண்டுமென்றால் மெய்நிகர் சூழல்தான் சரியான வழி.

6. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் செய்பவர்களுக்கு

கணினிக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் படியில் 'ஸ்கிரீன்' நிறுவுவதை மட்டும் செய்தால் போதும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்கிரீன்

கருவி ஸ்கிரீனுக்குள் ஓடும். இணைப்பு அறுந்தாலோ டெர்மினல் சன்னல் தவறுதலாக மூடிக்கொண்டாலோ உள்ளே வேலை நிற்காது. மறுபடி நுழைந்து இதைத் தட்டினால் விட்ட இடம் தெரியும்:

சூடோ ஸ்கிரீன் -டி -ஆர்

எஸ்எஸ்ஹெச்சில் இருப்பதைக் கண்டதும் கருவி ஓர் எச்சரிக்கை காட்டும். பிறகு 1022 என்ற போர்ட்டில் இரண்டாவது எஸ்எஸ்ஹெச் சேவையைத் திறந்து வைக்கும். முதல் சேவை நடுவில் விழுந்தால் நுழைய மாற்று வாசல் அது. ஆனால் ஃபயர்வாலைக் கருவி திறந்துவிடாது. 'சூடோ யுஎஃப்டபிள்யூ அலோ 1022/டிசிபி' என்று நீங்கள்தான் திறக்க வேண்டும். வாடகை சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனி ஃபயர்வால் இருந்தால் அங்கேயும். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடுங்கள்.

சேவை தருபவரின் பக்கத்தில் இருக்கும் இணையக் கன்சோல் வேலை செய்கிறதா, அதற்குக் கடவுச்சொல் தெரியுமா என்பதை இப்போதே சோதியுங்கள். சர்வர் எழுந்திருக்காத நள்ளிரவில் சோதிக்க வேண்டாம்.

7. கட்டளை

கருவி இல்லையென்றால் முதலில்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்டேட்-மேனேஜர்-கோர்

புதுப் பதிப்பு உங்களுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்க:

டு-ரிலீஸ்-அப்கிரேட் -சி

டு என்பது டி-ஓ. பதிலில் 24.04 என்ற எண் வர வேண்டும். புதுப் பதிப்பு எதுவும் இல்லை என்று வந்தால், இ-டி-சி அடைவுக்குள் அப்டேட்-மேனேஜர் அடைவில் ரிலீஸ்-அப்கிரேட்ஸ் என்ற கோப்பைத் திறந்து 'பிராம்ப்ட்' வரியைப் பாருங்கள். அங்கே 'நெவர்' என்று இருக்கலாம். 'எல்டிஎஸ்' என்று மாற்றுங்கள், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு. 'நார்மல்' என்று வைத்தால் 9 மாத ஆதரவு மட்டுமே உள்ள இடைக்காலப் பதிப்புகள் பக்கம் போய்விடுவீர்கள்.

எல்லாம் சரியென்றால்:

சூடோ டு-ரிலீஸ்-அப்கிரேட்

இதன் கடைசியில் -டி சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அது இன்னும் முறையாகத் திறக்கப்படாத பதிப்புக்குப் போகும் வழி. எல்டிஎஸ்-இலிருந்து அடுத்த எல்டிஎஸ்-க்கான கதவு, புதியதின் முதல் திருத்த வெளியீட்டுக்குப் பிறகுதான் திறக்கும். 24.04-க்கு அந்த வெளியீடு 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆகவே -டி தேவையே இல்லை.

8. நடுவில் வரும் கேள்விகள்

தொடங்கும் முன் ஒரு சுருக்கம் வரும்: எத்தனை பேக்கேஜ்கள் நீக்கப்படும், எத்தனை புதிதாக வரும், எவ்வளவு எம்பி இறங்கும். இங்கே டி அழுத்தினால் முழுப் பட்டியல் தெரியும். க்யூ அழுத்தினால் வெளியே வரலாம். நீக்கப்படும் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். உங்களுக்கு வேண்டிய மென்பொருள் அதில் இருந்தால் என் கொடுத்து நிறுத்திவிடலாம், எதுவும் கெடாது. ஒய் கொடுத்துப் பதிவிறக்கம் முடிந்து நிறுவல் தொடங்கிய பிறகு கன்ட்ரோல்-சி அழுத்தக் கூடாது, சன்னலை மூடக் கூடாது, மடிக்கணினியின் மூடியையும் மூடக் கூடாது.

அமைப்புக் கோப்பு பற்றிய கேள்விதான் புதியவர்களை அதிகம் திணறவைப்பது. நீங்கள் திருத்திய ஒரு கோப்புக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, எதை வைக்கலாம் என்று கேட்கும். ஒய் என்றால் புதியது. என் என்றால் உங்களுடையது. டி என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. எதுவும் தட்டாமல் எண்டர் கொடுத்தால் உங்களுடையதே இருக்கும்.

எஸ்எஸ்ஹெச் அமைப்பு, வெப் சர்வர் அமைப்பு, தரவுத்தள அமைப்பு என்றால் என் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் கோப்புக்குப் புதியதை ஏற்றால், நீங்கள் மாற்றி வைத்த போர்ட் எண்ணும் உள்நுழைவுக் கட்டுப்பாடுகளும் போய், சர்வருக்கு வெளியே நிற்பீர்கள். நீங்கள் தொட்ட நினைவே இல்லாத கோப்பு என்றால் டி அழுத்திப் பார்த்துவிட்டு ஒய் கொடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் மற்றது அழியாது: உங்களுடையதை வைத்தால் புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடும், புதியதை ஏற்றால் பழையது '.டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடும் பக்கத்திலேயே இருக்கும்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் என்விடியா போன்ற வெளி டிரைவர் இருந்தால் ஒரு புதிய கடவுச்சொல் அமைக்கச் சொல்லலாம். உங்கள் வழக்கமான கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. புதிதாக ஒன்றை அமைத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகள் வரும். அங்கே சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து இந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் கணினி எழும், ஆனால் அந்த டிரைவர் ஏறாது.

கடைசிக் கேள்வி, வழக்கொழிந்த பேக்கேஜ்களை நீக்கலாமா என்பது. சாதாரண மேசைக் கணினிக்கு ஒய். போஸ்ட்கிரெஸ் ஓடும் சர்வரில் என் கொடுங்கள். 24.04-இல் வருவது 16. உங்கள் தரவு இருப்பது 14-இல். பழைய நிரல் போய்விட்டால் தரவைப் புதியதற்கு மாற்ற அதை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

9. ரீஸ்டார்ட் செய்த பிறகு

பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள். பிறகு ஒரு முறை அப்டேட், ஃபுல்-அப்கிரேட்.

வெளிக் களஞ்சியங்கள் முடக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து 'ஜாம்மி' என்ற பழைய பதிப்புப் பெயர் இருக்கும் இடத்தில் 'நோபிள்' என்று மாற்றி இயக்குங்கள். அதற்கு முன் அந்தக் களஞ்சியத்தில் நோபிளுக்கான பேக்கேஜ்கள் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முடங்கியே கிடக்கட்டும்.

பைத்தான் இப்போது 3.12. பழைய மெய்நிகர் சூழல்கள் ஓடாது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, சேமித்த பட்டியலிலிருந்து நிறுவுங்கள். சூழலுக்கு வெளியே பிப் கொண்டு நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியே நிர்வகிக்கப்படுகிறது என்று மறுக்கும். அது பழுது இல்லை, 24.04-இல் வேண்டுமென்றே வைத்த தடை.

பிஹெச்பி 8.1-லிருந்து 8.3 ஆகியிருக்கும். அப்பாச்சியில் பழைய மாட்யூலை முடக்கிப் புதியதை இயக்குங்கள்.

போஸ்ட்கிரெஸ் 16 நிறுவப்பட்டிருந்தால் அது காலித் தரவுத்தளத்தோடு 5433 போர்ட்டில் நிற்கும். உங்கள் தரவு எங்கும் போகவில்லை, 14-இல் இருக்கிறது. காலியான 16-ஐ 'பிஜி_டிராப்கிளஸ்டர்' கொண்டு நீக்கிவிட்டு, 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்' கொடுங்கள். எண்ணை மாற்றித் தட்டினால் தரவு போய்விடும். எண்டருக்கு முன் ஒரு முறை படியுங்கள்.

எஸ்எஸ்ஹெச் இப்போது 'சாக்கெட்' வழியாகத் தொடங்குகிறது. போர்ட் எண்ணை மாற்றினால் எஸ்எஸ்ஹெச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்வது பலிக்காது. 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்' ரீஸ்டார்ட் என்று இரண்டும் செய்ய வேண்டும்.

10. பாதியில் நின்றுவிட்டால்

மின்சாரம் போயிற்று, அல்லது ஏதோ ஒரு பேக்கேஜில் பிழை. பிழையில் நின்றதென்றால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். டெர்மினல் கிடைத்தால் இந்த வரிசையில் தட்டுங்கள்:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

டிபிகேஜி என்பது டி-பி-கே-ஜி. முதல் கட்டளை பாதி நிறுவிய பேக்கேஜ்களை முடித்துவைக்கும்; இரண்டாவது விடுபட்ட சார்புகளைக் கொண்டுவரும். ஒரே சுற்றில் சரியாகாவிட்டால் மறுபடி ஒரு சுற்று.

கணினி எழவே இல்லையென்றால், தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி கிரப் என்ற தொடக்கப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். மேம்பட்ட தேர்வுகள் என்ற வரிக்குள் பழைய கெர்னல் இருக்கும். பெரும்பாலும் அதில் எழுந்துவிடும். அதிலும் இல்லையென்றால் அதே பட்டியலில் ரெக்கவரி என்றிருப்பதைத் தேர்ந்து, ரூட் ஷெல்லுக்கு (நிர்வாகி உரிமையுள்ள டெர்மினல்) போங்கள். அங்கே டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கலாம், எழுதவும் திறக்க:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

அதன் பிறகு மேலே சொன்ன மூன்று கட்டளைகள், சூடோ இல்லாமல்.

யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது, 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வி-ஏ-ஆர் அடைவுக்குள், லாக் அடைவில், டிஸ்ட்-அப்கிரேட் என்ற அடைவு இருக்கிறது. அதிலுள்ள 'மெயின்.லாக்', 'ஆப்ட்.லாக்' கோப்புகளில் எந்தப் பேக்கேஜில், எந்த வரியில் நின்றது என்று எழுதியிருக்கும். கடைசி ஐம்பது வரிகளை அப்படியே நகலெடுத்துக் கொடுங்கள். அதற்கு முன் அவற்றில் உங்கள் சர்வர் பெயரோ உள் முகவரிகளோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.